சோலைக்கிளிக்குப் பெயர் வைத்த டாக்டர்

ஆண்டவர் விலங்குகளையும் வானத்துப் பறவைகளையும் படைத்து, ஆதாம் அவற்றுக்கு என்ன பெயர் வைப்பான் என்று பார்க்க அவனிடம் கொண்டு வந்ததாக ஆதியாகமத்தில் படித்திருக்கிறோம். ஞானோபதேச வகுப்பில் இந்தப் பகுதி வந்தபோது, இத்தனை ஆயிரம் உயிர்களுக்கும் பெயர் வைத்து முடிக்க ஆதாமுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. உண்மையில் அந்த வேலை இன்னும் முடியவில்லை. நம் நீலகிரி மலையில் மட்டுமே பாடித் திரிந்த சில பறவைகள், அறிவியல் உலகம் அறிந்த ஒரு பெயரைப் பெறுவதற்கு 19-ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்தன. அவற்றுக்குப் பெயர் வைத்தவர் ஒரு டாக்டர். தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் என்பது அவர் பெயர். பறவைகளை ஆராய்பவர்கள் அனைவருக்கும் தெரிந்த அந்தப் பெயர், நம் பாடப் புத்தகத்தில் இல்லை. ஆகவே இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுத விரும்பினோம்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் பறவையைப் பார்த்து விடுவோம். பறவையைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதன் வீட்டைப் பார்க்க வேண்டும்.

நம்மில் பலர் உதகமண்டலத்துக்குச் சுற்றுலா சென்றிருப்போம். பூங்காவையும் ஏரியையும் தொட்டபெட்டா சிகரத்தையும் பார்த்துத் திரும்பியிருப்போம். ஆனால் அந்த மலையின் உண்மையான காட்டைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. சாலையோரம் வானளாவ நிற்கும் யூகலிப்டஸ் மரங்களைத்தான் நாம் காடு என்று நினைத்துக் கொள்கிறோம். அவை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விருந்தாளிகள். நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் இயற்கை அமைத்த முறை வேறு. மேடான சரிவுகள் எல்லாம் புல்வெளி. நீரோடும் பள்ளங்களிலும் மடிப்புகளிலும் மட்டும் அடர்ந்த காடு. இந்தக் காட்டுத் துண்டுகளுக்குச் சோலை என்று பெயர். இந்தத் தமிழ்ச் சொல்லையே இன்று உலகெங்கும் உள்ள தாவரவியல் அறிஞர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

சோலை மரங்கள் அதிக உயரம் வளர்வதில்லை. காற்றுக்கும் குளிருக்கும் பணிந்து, கிளைகள் முறுக்கிக் கொண்டு, தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து குடை பிடித்தாற்போல் நிற்கும். அடிமரம் எல்லாம் பாசி. கிளைகளில் ஆர்க்கிட் செடிகள் தொற்றி வளரும். ஓரங்களில் சிவப்புப் பூக்கள் பூக்கும் காட்டுப் பூவரசு நிற்கும். பனிக்காலத்தில் புல்வெளியில் உறைபனி விழுந்து புல் கருகிப் போனாலும் சோலைக்குள் உறைபனி எளிதில் நுழையாது. தரையில் மக்கிய இலைகள் மெத்தை போல் கிடக்கும். மழை நீரை அந்த மெத்தை பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக் கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்கு விடுகிறது. பைக்காராவும் குந்தாவும் பவானியும் இப்படிச் சேர்த்து வைத்த நீரால்தான் ஓடுகின்றன. நண்பகலிலும் சோலைக்குள் மாலை நேர வெளிச்சம்தான் இருக்கும்.

இந்த அரையிருட்டில் வாழும் சிறு பறவைதான் நீலகிரிச் சோலைக்கிளி. கிளி என்றதும் பச்சை உடலையும் சிவந்த மூக்கையும் நினைத்துக் கொள்ள வேண்டாம். சிறு பறவை எதையும் கிளி என்று சொல்லும் வழக்கம் மலையாளத்தில் உண்டு. அந்தப் பொருளில்தான் இதுவும் கிளி. அளவில் நம் வீட்டுச் சிட்டுக்குருவியை ஒத்தது. தலையும் முதுகும் மார்பும் கருநீலம். சிலேட்டுப் பலகையில் நீல மையைக் கொட்டித் துடைத்தாற்போன்ற நிறம். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் கறுப்பு. அதற்கு மேலே, புருவம் தீட்டியது போல, மங்கலான ஒரு வெளிர்க் கோடு. விலாப் பகுதிகள் இரண்டும் செங்காவி நிறம். வயிற்றின் நடுவில் வெள்ளை. ஆணும் பெண்ணும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். மயிலிலும் சேவலிலும் ஆணுக்கே எல்லா அழகையும் கொடுத்த இயற்கை, இங்கே பாகுபாடு காட்டவில்லை என்பதை நாங்கள் மகிழ்ச்சியோடு குறித்துக் கொண்டோம்.

உடலின் அளவுக்கு இதன் கால்கள் நீளமானவை. வாழ்க்கையின் பெரும்பகுதியைத் தரையிலும் தரையை ஒட்டிய புதர்களிலும் கழிக்கும் பறவைக்குக் கால்கள்தானே முக்கியம்! மக்கிய இலைகளின் நடுவே தத்தித் தத்திச் சென்று பூச்சிகளையும் புழுக்களையும் தேடித் தின்னும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் மரப் பொந்திலோ ஓடைக் கரையின் குழியிலோ பாசியும் வேர்நாரும் கொண்டு கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும், அதாவது நம் கோயிலில் மூவேளைச் செபத்துக்கு மணி அடிக்கும் வேளைகளில், இது மெல்லிய சீழ்க்கை போன்ற குரலில் பாடும். பாட்டு கேட்கும்; பாடகரைக் காண்பது கடினம். ஏறத்தாழ 1,200 மீட்டருக்கு மேற்பட்ட மலைக்காடுகளில்தான் இது வாழ்கிறது. நீலகிரியிலும் அதற்கு வடக்கே கர்நாடகத்தின் பாபாபுதன் குன்றுகள் வரையிலும் உள்ள சில மலைகளிலும் தவிர, உலகில் வேறு எங்கும் கிடையாது. சமவெளியின் வெயிலில் இதனால் வாழ முடியாது. ஆகவே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போவதும் அரிது. கடல் நடுவில் தீவு போல, வெயில் நடுவில் சோலை.

இத்தகைய பறவையை உலகுக்கு அறிமுகம் செய்தவர் 1811-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்தில் பிறந்தார். குடும்பம் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கத்தான் முதலில் சேர்ந்தார். ஆனால் அங்கே ராபர்ட் ஜேம்சன் என்ற பேராசிரியரின் இயற்கை வரலாற்று வகுப்புகளில் மனம் பறிகொடுத்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே பேராசிரியரிடம் சார்லஸ் டார்வினும் பாடம் கேட்டிருந்தார். டார்வினுக்கு அந்த வகுப்புகள் அலுப்புத் தட்டினவாம். ஒரே ஆசிரியர் ஒருவருக்கு அலுப்பாகவும் இன்னொருவருக்கு வழிகாட்டியாகவும் இருப்பது நம் வகுப்பறைகளிலும் நடப்பதுதான். பின்னர் ஜெர்டன் மருத்துவம் படித்தார். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி அறுவை மருத்துவராக வேலை கிடைத்தது. 1836 பிப்ரவரியில் கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24.

முதலில் இன்றைய ஒடிசாவில் இருக்கும் கஞ்சம் மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். காய்ச்சலிலும் சீதபேதியிலும் விழுந்து கிடந்த சிப்பாய்களைக் கவனிப்பது அவர் வேலை. மறு ஆண்டு ஒரு குதிரைப் படைப்பிரிவின் மருத்துவராகத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றம். அந்தப் படையோடு ஜால்னாவுக்குப் போய் நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தார். படை நகரும்போது டாக்டரும் நகர வேண்டும். கிழக்கு மலைத் தொடரும் கர்நாடகச் சமவெளியும் தக்காணமும் அவர் கண்முன் மாறி மாறி வந்தன. அங்கெல்லாம் பறவைகளைச் சேகரித்தார்.

சேகரித்தார் என்ற சொல்லை நாம் எளிதாக எழுதிவிட்டோம். அதன் பொருளையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பறவையை ஆராய வேண்டுமானால் அதைச் சுட வேண்டும். நல்ல தொலைநோக்கிகளோ பறவையைப் படம் பிடிக்கக் கூடிய கருவிகளோ அன்று இல்லை. சுட்ட பறவையின் தோலை இறகோடு உரித்து, உள்ளே நஞ்சு தடவி, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைப்பார்கள். ஜெர்டனும் அப்படித்தான் செய்தார். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் பறவைகளுக்குப் பிரசங்கம் செய்தார் என்று படித்து வளர்ந்த நமக்கு இது கசக்கத்தான் செய்கிறது. இதை எழுதலாமா, விட்டுவிடலாமா என்றுகூட எங்களுக்குள் பேசிக் கொண்டோம். ஒருவருடைய வாழ்க்கையை எழுதும்போது பிடித்ததை மட்டும் எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது என்று தோன்றியதால் எழுதியிருக்கிறோம்.

இப்படி அரும்பாடுபட்டுச் சேர்த்த பறவைத் தோல்களை, சரியான பெயர் கண்டு சொல்லும்படி ஸ்காட்லாந்தில் இருந்த சர் வில்லியம் ஜார்டின் என்ற பெரிய பறவை அறிஞருக்கு அனுப்பி வைத்தார். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கொண்டு மாதக் கணக்கில் சென்ற காலம் அது. பெட்டி போய்ச் சேர்ந்தபோது உள்ளே அந்துப்பூச்சி புகுந்து தோல்களை அரித்துத் தின்றிருந்தது.

எத்தனை உழைப்பு! எத்தனை உயிர்கள்! எல்லாம் தூளாகிப் போயின. வேறொருவராக இருந்தால் அன்றே இந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பார். ஜெர்டன் எடுத்த முடிவு வேறு. இனி யாரிடமும் பெயர் கேட்டு அனுப்பிக் காத்திருப்பதில்லை. கையில் இருக்கும் பறவையைத் தம் கண்ணால் பார்த்து, தம் அறிவுக்கு எட்டியபடி தாமே பெயர் கண்டு எழுதி விடுவது. தவறு வந்தால் வரட்டும். சிகிச்சைக்கு வந்த நோயாளியை அருகில் பெரிய மருத்துவர் இல்லை என்று திருப்பி அனுப்பாத படை டாக்டர், பறவை விஷயத்திலும் அதே துணிச்சலைக் காட்டினார் எனலாம். அவர் தொகுத்த தென்னிந்தியப் பறவைப் பட்டியல் 1839-இலிருந்து சென்னை இலக்கியச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அதில் 420 வகைப் பறவைகள் இடம் பெற்றன. அவருக்கு முன் கர்னல் சைக்ஸ் என்பவர் தயாரித்திருந்த பட்டியலைப் போல இது ஏறக்குறைய இரு மடங்கு. அந்த இலக்கியச் சங்கத்தின் நூலகம் இன்றும் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது.

1841-இல் ஜெர்டன் நீலகிரிக்கு வந்தார். அந்த ஆண்டிலேயே திருமணமும் நடந்தது. மணமகள் பெயர் ஃபுளோரா மக்லியோட். செடிகளையும் பூக்களையும், குறிப்பாக ஆர்க்கிட் மலர்களை, ஓவியமாகத் தீட்டுவதில் அவர் வல்லவர். பறவை தேடுபவருக்குப் பூ வரைபவர் துணை. ஃபுளோரா என்பது ரோமர்கள் பூக்களின் தேவதைக்கு வைத்த பெயர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பொருத்தத்தை யார் பார்த்து வைத்தார்களோ என்று வியக்கத் தோன்றுகிறது. மேற்கு மலைகளில் ஈரப் பாறையில் வளரும் ஒரு சிறு செடிக்குத் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் 1848-இல் ஜெர்டோனியா என்று பெயரிட்டார்.

அன்றைய நீலகிரியை நாம் மனத்தில் கொண்டு வர வேண்டும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் கல் வீடு கட்டி 20 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் அடிவானம் வரை கிடந்தன. ஒவ்வொரு மடிப்பிலும் சோலை இருந்தது. யூகலிப்டஸும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து காலூன்றத் தொடங்கியது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். அதாவது பழைய மலையை முழுமையாகப் பார்க்கக் கொடுத்து வைத்த கடைசித் தலைமுறையில் ஜெர்டன் ஒருவர். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

சோலைக்குள் நடமாடிய கருநீலப் பறவையை 1840-களில் அவர் விவரித்து எழுதினார். நிறங்களையும் அளவுகளையும் கவனித்து எழுதியவர், உறவு முறையில் மட்டும் சற்றுத் தடுமாறினார். விலாவில் இருந்த செங்காவி நிறத்தைப் பார்த்தோ என்னவோ, வால் சிவந்த ஒரு பறவைக் குடும்பத்தில் இதைச் சேர்த்து விட்டார். அந்தக் குடும்பத்தில் இது பெரியது என்பதால், பெரியது என்று பொருள்படும் மேஜர் என்ற இலத்தீன் சொல்லை அதன் பெயராக வைத்தார். சிட்டுக்குருவி அளவே உள்ள ஒரு பறவைக்குப் பெரியவர் என்று பெயர்! நம் வகுப்பில் எல்லோரிலும் உயரம் குறைந்த தோழியை நெட்டை என்று அழைப்பது போல.

நீலகிரியின் இன்னொரு பாடகரையும் அவரே முதன்முதலாக விவரித்தார். அது நீலகிரிச் சிரிப்பான். சோலைக்கிளி கூச்சமுள்ள பறவை என்றால் இது ஆரவாரமான பறவை. உடல் பழுப்பு, அடிப்பகுதி செம்பழுப்பு, கண்ணுக்கு மேல் பளிச்சென்ற வெள்ளைப் புருவம். கூட்டமாகப் புதர்களில் திரியும். ஒன்று குரல் எழுப்பினால் மற்றவையும் சேர்ந்து கொள்ளும்; மதிய உணவு இடைவேளையில் நம் வராந்தாவில் எழும் சிரிப்பைப் போலவே இருக்கும். உரக்கச் சிரிப்பது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையே ஜெர்டன் இதற்குச் சூட்டினார். தவிட்டுக்கொய்யாப் பழம் என்றால் இதற்கு உயிர். அந்தச் செடியிலேயே கூடும் கட்டும். இதுவும் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பகுதியில் மட்டும் வாழும் பறவை.

பின்னர் ஜெர்டன் நெல்லூரில் சிவில் மருத்துவரானார். அங்கிருந்தபோதுதான் நம் நாட்டு ஓவியர்கள் தீட்டிய 50 பறவைப் படங்களைக் கொண்ட அவருடைய அழகிய நூல் 1843 முதல் 1847 வரை சென்னையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. காடுகளை நன்கு அறிந்த யானாதிப் பழங்குடி மக்கள் அவருக்குப் பறவைகளையும் செய்திகளையும் கொண்டு வந்து கொடுத்தார்கள். இந்தக் காலத்தில் அவர் கண்ட நீண்ட கால் பறவை ஒன்று அவர் பெயரையே பெற்றது. அது 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அற்றுப் போனதாகவே கருதப்பட்டு, 1986-இல் கடப்பை மாவட்டத்தில் மீண்டும் அகப்பட்டது தனிக் கதை. ஜெர்டன் பெயரைத் தாங்கிய பறவைகள் பல உண்டு. யானாதி மக்களின் பெயரைத் தாங்கிய பறவை ஒன்றாவது உண்டா என்று தேடிப் பார்த்தோம். எங்கள் கண்ணில் படவில்லை.

1847-இல் மலபார்க் கரையிலுள்ள தலச்சேரிக்கு மாற்றம் வந்தது. பறவைகளோடு எறும்புகள் மீதும் அவர் கவனம் திரும்பியது. குதித்துப் பாய்ந்து இரை பிடிக்கும் ஓர் அதிசய எறும்பை அவர் 1851-இல் விவரித்தார். டாக்டர் குனிந்து எறும்பைப் பார்த்துக் கொண்டிருந்தால் அவரிடம் வந்த நோயாளிகள் என்ன நினைத்திருப்பார்களோ! தலச்சேரியிலிருந்து கிழக்கே ஏறினால் வயநாடு. அங்குள்ள பாணாசுர மலையின் உச்சிச் சோலையிலிருந்து சிரிப்பான் இனத்தில் இன்னொரு பறவை அவருக்குக் கிடைத்தது. கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருந்த எட்வர்ட் பிளைத் என்ற அறிஞர் 1851-இல் அதற்கு ஜெர்டனின் பெயரையே இட்டார். வயநாட்டுப் பகுதியின் மிக உயர்ந்த சில சிகரங்களில் மட்டுமே அது இன்று வாழ்கிறது.

அதற்குப் பிறகு மத்திய இந்தியாவில் சாகர் நகரம், 1857-ஆம் ஆண்டுப் புரட்சி, பதவி உயர்வு என்று அவர் வாழ்க்கை நகர்ந்தது. உடல் நலம் கெட்டு விடுப்பில் டார்ஜிலிங் சென்றவர், இமயமலைப் பறவைகளையும் கண்டார். இந்தியா முழுமைக்கும் ஒரே பறவை நூல் எழுத வேண்டும் என்ற அவருடைய நெடுநாள் ஆசையை வைஸ்ராய் கானிங் பிரபு கேட்டறிந்து, அதற்கென்றே அவரைச் சிறப்புப் பணியில் அமர்த்தினார். மருத்துவரை மருத்துவமனையிலிருந்து விடுவித்து, போய்ப் பறவை நூல் எழுதுங்கள் என்று அனுப்பிய அரசாங்கத்தை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. 1862 முதல் 1864 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளை விவரிக்கும் அந்த நூல் வெளிவந்தது. ஒரு பறவையைக் கையில் வைத்துக் கொண்டு, இது என்ன என்று இந்தியாவின் எந்த மூலையில் இருந்தும் ஒருவர் தாமே கண்டு கொள்வதற்கு அதுவரை வழியில்லை. இந்த நூல் அதற்கு வழி செய்தது. அந்துப்பூச்சி அரித்த பெட்டி நினைவிருக்கிறதல்லவா? இளம் வயதில் தமக்குக் கிடைக்காத உதவியை அவர் மற்றவர்களுக்குச் செய்து கொடுத்தார். 1867-இல் இந்தியப் பாலூட்டிகளைப் பற்றிய நூலும் வந்தது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. அஸ்ஸாமுக்குப் போனார். அங்கே கடுங்காய்ச்சல் கண்டது. எத்தனையோ சிப்பாய்களின் காய்ச்சலைத் தணித்தவரால் தம் காய்ச்சலிலிருந்து முழுவதும் மீள முடியவில்லை. 1870-இல் இங்கிலாந்து திரும்பினார். 1872 ஜூன் 12-ஆம் நாள் லண்டனை அடுத்த அப்பர் நார்வுட் என்ற இடத்தில் 60-ஆவது வயதில் காலமானார்.

அவர் போன பின் அவருடைய மலை என்ன ஆயிற்று? புல்வெளிகளில் யூகலிப்டஸும் சீகையும் பைன் மரமும் நடப்பட்டன. தேயிலையும் உருளைக்கிழங்கும் சரிவுகளைப் பிடித்தன. சோலைகள் சுருங்கித் துண்டு துண்டாயின. தேயிலைத் தோட்டமும் பச்சைதான். ஆனால் சோலைக்கிளிக்கு அந்தப் பச்சையில் வீடு இல்லை. மக்கிய இலைத் தரையும் இருண்ட புதரும் இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? சோலைக்கிளியும் நீலகிரிச் சிரிப்பானும் இன்று உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கின்றன. சிரிப்பானாவது தோட்டத்து ஓரங்களுக்கு வந்து பிழைத்துக் கொள்கிறது. சோலைக்கிளிக்கு அந்தச் சாமர்த்தியம் அவ்வளவாக இல்லை.

சோலைக்கிளியின் உறவு முறை பற்றிய சிக்கலும் நெடுங்காலம் தீரவில்லை. ஜெர்டன் சேர்த்த குடும்பத்திலிருந்து பின்னால் வந்தவர்கள் இதை வேறொரு குடும்பத்துக்கு மாற்றினார்கள், அங்கிருந்து இன்னொன்றுக்கு. வாடகை வீடு மாறுவது போல நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மாறிக் கொண்டே இருந்தது. கடைசியில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்த ஒரு குழு, மெல்லிய வலை கட்டி இந்தப் பறவைகளைப் பிடித்து, ஒரு துளி இரத்தம் எடுத்துக் கொண்டு, மீண்டும் சோலைக்குள்ளேயே பறக்க விட்டது. இதைப் படித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல வேண்டும். அருங்காட்சியகங்களில் அந்துப்பூச்சிக்குத் தப்பிக் கிடந்த பழைய தோல்களையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆக, அன்று சுடப்பட்ட பறவைகளும் வீணாகிப் போகவில்லை.

2017-இல் முடிவு வெளியாயிற்று. இந்தப் பறவை ஈப்பிடிப்பான்களின் உறவு. ஆயினும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து, தென்னிந்திய மலைச் சோலைகளில் தனித்து வளர்ந்த ஒரு குடும்பம். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனி மலையிலும் ஆனைமலையிலும் வாழும் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியும், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழும் இன்னொன்றும் இதன் சகோதரிகள். பார்ப்பதற்குச் சற்றே வேறுபட்டாலும், இடையில் வெயில் நிறைந்த கணவாய்கள் கிடப்பதால் இவை பல இலட்சம் ஆண்டுகளாக ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. செங்கோட்டைக்குத் தெற்கே உள்ளது தனி இனம் என்பதே அந்த ஆண்டில்தான் தெரிய வந்தது. மூன்றுக்கும் சேர்த்து ஷோலிகோலா என்ற புதிய குடும்பப் பெயர் வைத்தார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள். நம் தமிழ்ச் சொல் இலத்தீன் உடை அணிந்து கொண்டு பறவையின் பெயராகி விட்டது.

பெயரின் முதற்பாதி மாறிவிட்டாலும் இரண்டாம் பாதியை யாரும் தொடவில்லை. முதலில் வைத்தவரின் சொல் நிற்க வேண்டும் என்பது விலங்கியல் சட்டம். ஆகவே அது இன்றும் ஷோலிகோலா மேஜர்தான். அறிவியல் பட்டியல்களில் அந்தப் பெயருக்குப் பின்னால் ஜெர்டன் என்று அடைப்புக் குறிக்குள் எழுதுகிறார்கள். அடைப்புக் குறி எதற்கு என்று அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டோம். ஓர் உயிரை முதலில் விவரித்தவர் அதை ஒரு குடும்பத்தில் வைத்து, பின்னர் அது வேறு குடும்பத்துக்கு மாற்றப்பட்டால், அவர் பெயரை அடைப்புக் குறிக்குள் போடுவது முறையாம். அவர் செய்த தவறும் அவர் கண்ட உண்மையும் இரண்டுமே அந்தச் சிறு குறிகளுக்குள் இருக்கின்றன.

அடுத்த முறை உதகைக்குப் போகும் வகுப்பினர், பொழுது சாய்வதற்குள் பேருந்தில் ஏறிவிடாமல், ஏதேனும் ஒரு சோலையின் ஓரமாகச் சிறிது நேரம் பேசாமல் நின்று பாருங்கள். பேசாமல் நிற்பதுதான் நமக்குக் கடினம். இருட்டும் நேரத்தில், புதருக்குள் தரையை ஒட்டி, மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்கலாம்.